பெட்ஷீட் காயும் மாடி

களை எடுக்கப் போகும்போது கல்பனா புருஷனின் சட்டையைத்தான் போட்டுக்கொள்வாள். அவள் மட்டும் இல்லை, செங்கம்மாவின் கூலிக் கூட்டில் ஆறு பேருமே அப்படித்தான். புடவைக்கு மேலே முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டியிருக்கும். தலையில் துண்டு. துண்டின் முனையை மூக்கை மூடி இழுத்துக் காதோரம் செருகிவிட்டால் கண் மட்டும்தான் வெளியே. காலுக்குப் பழைய சாக்ஸ். வெயில் தோலை உரிக்காது, பூச்சி கடிக்காது, நாகலாபுரம் ரோட்டில் பைக்கில் போகிறவனுக்கு யார் எவள் என்று தெரியாது. கடைசியில் சொன்னதுதான் அவர்களுக்கு முக்கியம்.

கல்பனாவுக்கு வாய்த்தது நீலக் கட்டம் போட்ட சட்டை. முதல் நாள் போட்டபோது கழுத்துப் பட்டையில் தனசேகரின் வாசனை இருந்தது. பீடியும் தேங்காயெண்ணெயும். மத்தியானத்துக்குள் அவள் வேர்வை ஏறி அது போய்விட்டது. அந்தச் சட்டையைத் தொடாமல் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனால் கூலிக்குப் போகிறவளுக்குச் சட்டை வேண்டுமே.

தனசேகர் திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறான். மலைக்குப் போகிற ஜனம் படுத்து எழுந்து போன பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் அவன் கைக்கு வரும். மெஷினில் போட்டு எடுத்து மாடியில் காயவைக்க வேண்டும். ரெண்டு ஞாயிறுக்கு ஒரு ஞாயிறு லீவு. சனிக்கிழமை சாயங்காலம் புத்தூர் வழியாக வருகிற பஸ்ஸில் வந்து இறங்குவான்.

மகள் பரணி காளஹஸ்தி ஹாஸ்டலில் ஆறாவது சேர்ந்த பிறகு வீட்டில் அவர்கள் ரெண்டு பேர்தான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் முதல்தடவையாக ஒரு வீடு, ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள் முழுக்க அவர்களுக்கு. மாமியார் இருந்த வரைக்கும் இருமலை அடக்கிக்கொண்டு படுத்தவர்கள். குழந்தை பிறந்த பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தவர்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாசமும் கல்பனா சனிக்கிழமைகளை மட்டும்தான் வாழ்ந்தாள். முப்பத்துமூன்று வயசில் இப்படி ஒரு ஆசை வரும் என்று அவளே நினைக்கவில்லை. பஸ் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் கரண்டி நின்றுவிடும்.

ஐப்பசியில் வலி வந்தது.

முதலில் தொடை. அப்புறம் இடுப்பு எலும்பு, உள்ளுக்குள்ளே. குந்தி உட்கார்ந்து களை எடுத்துவிட்டு எழுந்தால் ஒரு கையைத் தரையிலும் ஒரு கையைத் தொடையிலும் ஊன்றித் தன்னைத் தானே தள்ளிவிட வேண்டியிருந்தது. நடை மாறிப்போனது. இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்கிறாள் என்று பத்மினி பின்னாலேயே நடந்து காட்டினாள். "அய்ய, இந்த வாத்தப் பாரு யக்கா! ஏரியத் தேடிக்கினு போவுது." எல்லோரும் சிரித்தார்கள். கல்பனாவும் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை தனசேகர் வந்தான். அவன் எடை மேலே இறங்கியதும் இடுப்பு ரெண்டாகப் பிளக்கிற மாதிரி இருந்தது. ரெண்டு கையாலும் அவனைத் தள்ளிவிட்டாள்.

"இன்னாமே?"

"ஒண்ணியும் இல்ல மாமா. தூக்கம் வருது."

அவள் அம்மாவுக்கும் இடுப்பு வலி என்றுதான் ஆரம்பித்தது. எட்டே மாசத்தில் பாடையில் தூக்கிக்கொண்டு போனார்கள். கர்ப்பப்பையில் புற்று. வாயைத் திறந்து வலி என்று சொல்லிவிட்டால் அது அதுவாகவே ஆகிவிடும் என்று கல்பனாவுக்குப் பயம். அடுத்த தடவையும் தள்ளினாள். அதற்கடுத்த தடவை அவன் கை அவள் இடுப்பில் பட்டதுமே உடம்பு விறைத்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். தொட வேண்டும் போலிருந்தது. தொட்டால் திரும்புவான், திரும்பினால் வலிக்கும்.

மார்கழியில் ஒரு தடவைதான் வந்தான். பொங்கலுக்குக் காலையில் வந்து சாயங்காலமே கிளம்பினான். "லாட்ஜில ரஷ்ஷு" என்றான். அதற்கப்புறம் வரவே இல்லை. போன் மட்டும்.

"துன்னியா?"

"துன்னேன். நீ துன்னியா மாமா?"

"துன்னேன்."

பின்னால் ஆம்பளைகள் பேசுகிற சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம். அவன் ரூமில் ஆறு பேர். போனில் அவன் பேசினால் ஆறு பேர் கேட்பார்கள். "வெச்சிடட்டா?" என்பான். "சரி" என்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் பழையபடி சனிக்கிழமை வர வேண்டும், அவள் பழையபடி அவனைத் தள்ளாமல் இருக்க வேண்டும்.

தை மாசம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மெடிக்கல் கேம்ப் போட்டார்கள். நர்ஸ் சுஷ்மிதா ரத்தம் எடுத்தாள். சித்தூர்க்காரி. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். பத்து நாள் கழித்து ஒரு பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஏமம்மா, உனக்கு வைட்டமின் டி ஏழுதான் இருக்கு. முப்பது இருக்கணும். எலும்பு மெத்துனு ஆகியிருக்கு. அதுக்குத்தான் அந்த நடை."

"புத்து இல்லியா மேடம்?"

"ஏம் புத்து? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

சுஷ்மிதா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அட்டையில் ஒட்டிய எட்டு மாத்திரையைக் கையில் கொடுத்தாள். வாரத்துக்கு ஒன்று, சாப்பிட்ட பிறகு, பாலோடு. எட்டு வாரம். "விடாம போடு. வலி போயிடும்."

எட்டு வாரம் என்றால் உகாதிக்கு ஓரிரு நாள் முன்னே பின்னே. வீட்டுக்கு நடந்து வரும்போதே கல்பனா கணக்குப் போட்டுவிட்டாள். இதை அவனிடம் சொல்லவே வேண்டாம். சொன்னால் தெரிந்த வலியும் தெரியாத வலியும் எல்லாம் சொல்ல வேண்டிவரும். நல்லாகிவிட்டு, உகாதிக்கு வாங்க மாமா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். வந்தால் அவனுக்கே தெரிந்துவிடும். அட்டையை அரிசி டின்னில் வைக்கவில்லை, சாமி படத்துக்குப் பின்னால் வைக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ரங்கையாவின் கடலைக்காட்டில் களை. மத்தியானம் புங்கமரத்தடியில் சோறு தின்றுவிட்டு, ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு வந்த பாலைக் குடித்துவிட்டு, அட்டையை எடுத்தாள்.

"இன்னாமே அது, மின்னுது?" என்றாள் செங்கம்மா. கூட்டுக்கு அவள்தான் மேஸ்திரி. எந்தக் காடு, எத்தனை ஆள், எப்போது கரையேறுவது எல்லாம் அவள் வாய்.

"மாத்திரை யக்கா. எலும்புக்கு."

"உனக்கு மட்டும்தான் எலும்பு கீதா அண்ணி?" என்றாள் பத்மினி. "எங்களுக்கெல்லாம் இன்னா, மூங்கில் குச்சி வெச்சிக் கட்டிக்கீதா?"

சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கிய பிறகு சென்னம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னாள். "எனக்கு முட்டிக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரியே கீதுடி. ரெண்டு வருசமா."

கல்பனாவின் கை அட்டையை மூடிக்கொள்ளப் பார்த்தது.

அந்தக் கூட்டில் ஒரு வழக்கம் உண்டு. மரத்தடியில் ஒருத்தி வாயில் போகிறது எல்லோர் வாயிலும் போகும். முறுக்கானாலும் வெற்றிலையானாலும் ஜுர மாத்திரையானாலும் சரி. அதுகூடப் பரவாயில்லை. வழக்கத்தை ஒரு நாள் மீறலாம். ஆனால் கார்த்திகையிலிருந்து நடக்கிற இன்னொன்று இருந்தது. செடி வரிசையில் ஆளுக்கொரு சால் பிடித்துக்கொண்டு களை எடுத்துப் போவார்கள். மற்ற ஐந்து பேரும் கரையேறும்போது கல்பனா பாதிச் சாலில் இருப்பாள். ரங்கையா கண்ணில் பட்டால் நாளைக்கு அவளைக் கூட்டி வராதே என்று சொல்லிவிடுவார். அதனால் இடது பக்கத்திலிருந்து பத்மினியும் வலது பக்கத்திலிருந்து சென்னம்மாவும் கையை நீட்டி நீட்டி அவள் சாலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். வாத்து என்று கேலி பண்ணுகிற பத்மினிதான். இதைப் பற்றி ஒருத்தியும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

கல்பனா அட்டையைப் பிரித்தாள். ஆறு பேருக்கு ஆறு. மீதி ரெண்டில் அடுத்த வாரம் ஒன்று சென்னம்மாவுக்கு, ஒன்று அவளுக்கு. அவ்வளவுதான், அட்டை காலி.

அதற்கப்புறமும் மாத்திரை போட வேண்டிய வெள்ளிக்கிழமை காலைகளில், வலி குறைந்திருக்கிறதா என்று பாயிலிருந்து எழுந்து பார்ப்பாள். கையை ஊன்றாமல் எழ முடியவில்லை.

மாசி பிறந்து ஒரு வாரம் கழித்து நர்ஸ் சுஷ்மிதா ஸ்கூட்டரில் காட்டுக்கே வந்தாள்.

"எத்தனை மிச்சம் இருக்கு?"

"அயிப்போயிந்தி மேடம். தீந்துபோச்சு."

"நாலு வாரம்தானே ஆச்சு! தினம் ஒண்ணு போட்டியா? ஐயோ, அப்படிப் போடக்கூடாதும்மா!"

"இல்ல மேடம். பங்கு போட்டுக்கினோம்."

சுஷ்மிதா ஸ்கூட்டர் சீட்டில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள். "பங்கா? இது ஏமன்னா பிரசாதமா? ஆளுக்கொரு வாய் துன்னா புண்ணியம் வருமா? ஒரு எலும்புகூட நல்லாகாது!"

செங்கம்மா துண்டை வாயிலிருந்து இறக்கிவிட்டுச் சொன்னாள். "வலி எல்லாத்துக்கும் கீது. மாத்திரை ஒருத்திக்குக் குடுத்தா நாங்க இன்னா பண்றது?"

சுஷ்மிதா பையைத் திறந்து அங்கேயே, வரப்பில் உட்காரவைத்து, ஐந்து பேர் ரத்தத்தையும் எடுத்தாள். அடுத்த வாரம் ஆறு அட்டையோடு வந்தாள்.

"ஆறு பேருக்கும் கம்மி. சென்னம்மாவுக்கு அஞ்சு."

"எனக்கு எத்தினி மேடம்?" என்றாள் பத்மினி.

"பதினொண்ணு."

"அப்ப நான்தான் கிளாஸ் ஃபஸ்ட்டு."

"எல்லாரும் ஃபெயில்தான், போ. இந்தா, ஆளுக்கொரு அட்டை. பங்கு கிங்குனு கேள்விப்பட்டேன், அவ்வளவுதான்."

"மேடம், ஒண்ணு கேக்கறேன்," என்றாள் செங்கம்மா. "இது வெயில்ல வர்ற சத்துன்றீங்க. நாங்க வெயில்லயேதான செத்துக்கினு கீறோம்? எங்களுக்கு எப்டி இல்லாம போச்சு?"

சுஷ்மிதா கல்பனாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இதுக்குத்தான் வெயில் படுது. உங்களுக்கு எங்க படுது? நல்ல சத்தான சட்டைம்மா இது, இன்னும் நூறு வருஷம் இருக்கும்." பத்மினி விழுந்து விழுந்து சிரித்தாள். "பாலும் கிடையாது, முட்டையும் கிடையாது உங்களுக்கு. மாத்திரையோட வெயிலும் வேணும். பதினொரு மணிக்கு மேல, அரை மணி நேரம், கையும் காலும் திறந்து. வாரத்துக்கு மூணு நாலு நாள்."

மறுநாள் பதினொரு மணிக்குச் செங்கம்மா சோற்றுக்கு முன்னால் கரையேறச் சொன்னாள். ஆறு பேரும் ரோட்டுக்கு முதுகைக் காட்டி வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சட்டையைக் கழற்றினார்கள். துண்டை, சாக்ஸை. புடவையை முட்டிக்கு மேலே சுருட்டினார்கள். ஒருத்தி கையை ஒருத்தி பார்த்தாள். முகமும் விரலும் ஒரு நிறம், முழங்கைக்கு மேலே வேறு நிறம். சென்னம்மாவின் கால்கள் தண்ணீரில் ஊறின கிழங்கு மாதிரி இருந்தன.

"யக்கா, உன் காலு இம்மா செவப்பா! இது தெரியாம உன் வூட்டுக்காரன் செத்துட்டானே."

"அவன் பார்த்தது இருட்டுலதான்டி."

அவர்கள் சிரித்த சிரிப்பில்தான் பைக் சத்தம் கேட்கவில்லை. ரங்கையா வரப்பு முனை வரைக்கும் வந்துவிட்டார். ஆறு பெண்களின் தோளும் தொடையும் வெயிலில். "ராமா!" என்று வண்டியைத் திருப்பினார், திருப்பின வேகத்தில் வண்டி கடலைச் செடியில் சாய்ந்தது. தூக்கி நிறுத்தித் தள்ளிக்கொண்டே போனார். திரும்பிப் பார்க்கவில்லை, அது அவருடைய மரியாதை. சாயங்காலம் செங்கம்மாவுக்கு ஆள் அனுப்பினார். நம்ம காட்டில் இது வேண்டாம், ஊரில் என்ன பேசுவார்கள் என்று.

அடுத்த நாள் எல்லோர் சட்டையும் கழுத்துப் பட்டன் வரைக்கும் ஏறியிருந்தது.

கல்பனா வீட்டில் இடம் தேடினாள். வீட்டுக்கு மேலே சிமெண்ட் ஷீட், ஏறி உட்கார முடியாது. குளிக்கிற தட்டி வேப்பமரத்தடியில், எப்போதும் ஈரம். வாசலில் நின்றால் எதிர்வீட்டு மொட்டை மாடி நேரே பார்க்கும். வெயில் ஊர் முழுக்கக் கொட்டிக் கிடந்தது. ஒரு பொம்பளை கையைக் காலைத் திறந்து உட்கார அதில் அரைப் பாய் அளவு இடம் இல்லை.

மாத்திரை மட்டும் தின்றாள். ரெண்டாவது வாரம் சுஷ்மிதா அவள் நடையைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பை எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

"போறதுதான் போற, அவன் மூஞ்சியப் பார்த்துட்டு வா," என்றாள் செங்கம்மா.

"எதுக்கு யக்கா, அவருக்கு வேலை இருக்கும்."

"சனிக்கிழமை சனிக்கிழமை நீ ரோட்டப் பார்த்துக்கினு நிக்கிறது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா? போமே."

எக்ஸ்ரேயில் எலும்பு உடையவில்லை. மாத்திரையை விடாமல் போடு, வெயிலில் உட்கார், மாசக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். வெளியே வந்தபோது மணி பன்னிரண்டாகப் போகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் மூன்று பேரிடம் கேட்டு லாட்ஜைக் கண்டுபிடித்தாள். கவுண்டரில் இருந்த மேனேஜர் போன் பண்ணினான். தனசேகர் ஈரப் பனியனும் அரை டிராயருமாக மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"பரணிக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணியும் ஆகல. நல்லாக்கீது."

"யாரு போய்ட்டாங்க?"

"யாரும் போகல மாமா. சும்மா வந்தேன்."

அவன் மூச்சு வாங்கினான். மெலிந்திருந்தான். ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீ குடிக்கிறியா?"

"வேணாம்."

"மேல லோடு காஞ்சிக்கினு கீது. வுட்டுட்டு வர முடியாது." கொஞ்சம் யோசித்தான். "வா, மேல வா."

நாலு மாடி. அவன் முன்னால் ஏறினான். ரெண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் காலடி கேட்காமல் திரும்பிப் பார்த்தான். கல்பனா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் வலது தொடையைத் தூக்கி அடுத்த படியில் வைத்துக்கொண்டிருந்தாள். மூட்டையைத் தூக்கி வைக்கிற மாதிரி.

"இன்னாமே காலுக்கு?"

"மேல போய் சொல்றேன். நட."

மாடிக் கதவைத் திறந்ததும் கண் கூசியது. கயிறு கயிறாக வெள்ளை பெட்ஷீட். அசைந்து அசைந்து, நடுவில் சந்து சந்தாக. தரையெல்லாம் வெள்ளைப் பூச்சு. அந்தப் பக்கம் மலை. வெயில் எந்த மறைப்பும் இல்லாமல் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஒருத்தன் தினமும் இந்த வெயிலை முழுக்க வைத்துக்கொண்டு பெட்ஷீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று கல்பனாவுக்குத் தோன்றியது.

"மாமா, எனக்கு இங்க அரை மணி நேரம் உக்காரணும். கையும் காலும் தெறந்து. யாரும் பார்க்காம."

பைத்தியமா என்பது போலப் பார்த்தான்.

"டாக்டர் சொல்லிக்கீறாரு. எலும்புல சத்து இல்ல. வெயில் படணும். ஊர்ல எடம் இல்ல."

அவன் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நாலு பெட்ஷீட்டை உருவினான். தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே குறுக்குக் கயிறு கட்டி, நாலு பக்கமும் தொங்கவிட்டு, காற்றில் தூக்காமல் இருக்க அடியில் செங்கல் வைத்தான். ஒரு பாய் அளவு அறை. தரைக்கு ஒரு டவல் போட்டான். அவள் உள்ளே போனாள். அவன் வெளியே நின்றான்.

கல்பனா ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு, முந்தானையை இறக்கி, புடவையைத் தொடை வரைக்கும் சுருட்டி, கையை ஊன்றி மெல்ல உட்கார்ந்தாள். வெயில் தொட்டது. முதலில் சுட்டது. அப்புறம் உள்ளே போனது. வரப்பில் உட்கார்ந்த அந்த ஒரு நாளைத் தவிர, வருஷக்கணக்கில் அவள் தோள் வெயிலைப் பார்த்ததில்லை. கண்ணை மூடினாள்.

பெட்ஷீட்டில் அவன் நிழல் விழுந்திருந்தது. முகம் தெரியவில்லை. தெரியாததனால்தான் சொல்ல வந்தது.

"மாமா."

"ம்."

"ஐப்பசிலேர்ந்து எனக்கு இடுப்புல வலி. நீ மேல வந்தா உயிர் போவுது. அதான் தள்ளுனேன்."

நிழல் அசையவில்லை. கீழே தெருவில் ஆட்டோக்காரன் மலையடிவாரத்துக்கு ஆள் ஏற்ற அலிபிரி, அலிபிரி என்று கூவிக்கொண்டிருந்தான்.

"ஐப்பசிலேர்ந்து வாயில இன்னாமே வெச்சிக்கினு இருந்த?" குரல் கோபமாகத்தான் வந்தது. "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை. அதுக்கும் பஞ்சமா?"

"எங்கம்மாக்கு வந்த மாதிரியே இருந்துது. பயந்துட்டேன்."

அவள் அம்மாவைத் தூக்கின நாலு பேரில் அவனும் ஒருத்தன்.

"அது இல்லன்னு சொல்லிட்டாங்க," என்றாள். "இது நல்லாகிடும். ஆனா நாளாகும்."

நிழல் சின்னதாகிக் கீழே இறங்கியது. அவன் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா?"

"இன்னா?"

"நாள் பூரா மருந்துத் தண்ணியில ஊறி என் கை வெளுத்து, பொணத்துக் கை மாதிரி ஆகிக்கீது. தோலு உரியுது. பிளீச்சிங் நாத்தம் சோப்புப் போட்டாலும் போறதில்ல. இந்தக் கை பட்டா உனக்குக் குமட்டுது போல, அதான் ஒதறுறன்னு..." நிறுத்தினான். "ஒரு மாசம் கையில எண்ணெய் தடவிக்கினு படுத்தேன்மே. பசங்க சிரிச்சானுங்க."

அவன் கையைக் கல்பனா கவனித்ததே இல்லை. அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு, தன் இடுப்பை நினைத்துக்கொண்டு, நாலு மாசம் போயிருக்கிறது.

"இந்த வாரம் வா மாமா. சும்மா வந்து படு. போதும்."

"முடியாதே," என்றான். "என் ஞாயித்துக்கிழமை எல்லாத்தியும் கூட வேலை செய்ற ஹரிபாபுக்குக் குடுத்துட்டேன். உகாதி வரைக்கும். எனக்குப் போறதுக்கு எடமில்ல, நீ எடுத்துக்கடான்னேன்."

"திருப்பிக் கேளு."

"அவன் பொண்டாட்டி புள்ள பெத்துக்கினு பதினஞ்சு நாளாவுது. வாரா வாரம் ஓடறான். எப்டிக் கேக்கறது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கேட்கக்கூடாதுதான்.

"கேக்காத, வுடு."

உகாதிக்கு இன்னும் பல நாள் இருந்தது. இவ்வளவு சொல்லி முடித்த பிறகு அது முன்னைவிடத் தூரமாகத் தெரிந்தது. வெயில் இடது தோளிலிருந்து கழுத்துக்கு நகர்ந்திருந்தது.

"செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது," என்றான் தனசேகர். "மேனேஜரும் மத்தியானம் தூங்கிடுவான். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை வர்றியா? இதே மாதிரி கட்டி வெக்கிறேன்."

"கூலி போய்டும்."

"போவட்டும்."

"நாலு மாடி ஏறணும்."

"நான் தூக்கினு வர்றேன்."

"தூக்குவ. மேனேஜரு பார்த்துக்கினு இருப்பான்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். "வர்றேன்."

"எங்கமே வலிக்குது?"

"இடுப்புல. வலது பக்கம்."

பெட்ஷீட்டின் அடியில், செங்கலுக்குப் பக்கத்தில், அவன் கை உள்ளே வந்தது. வெளுத்து, சுருங்கி, விரல் நுனிகளில் தோல் வெடித்துப்போன கை. உள்ளே வந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் டவல் மேல் அப்படியே கிடந்தது. கல்பனா அதை ரெண்டு கையாலும் எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள். பிளீச்சிங் பவுடர் வாசனைதான். எடுத்துத் தன் வலது இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அவள் உடம்பு விறைத்ததை அந்தக் கை உணர்ந்துவிட்டது. பின்வாங்கப் பார்த்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது. எடுக்காத."

அந்தப் பக்கம் அவன் டிராயர் பாக்கெட்டில் போன் அடித்தது. கீழேயிருந்து மேனேஜராகத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது.